சிமெண்டு டீமா, செராமிக் டீமா?

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க லுக்மான் பாய். எங்க பன்னீர்செல்வத்தவிடவா அந்த செராமிக் கேம்ப் கோல் கீப்பர் ஒசத்தி?

— ஓய் மாயாண்டி, அவன் பந்து வந்தா புடிக்கான். உம்ம பன்னீர்செல்வம் பந்து வந்தா குனிஞ்சு கும்புடுதான். நிமிந்து பாக்கதுக்குள்ள அது வலைக்குள்ள போயி உக்காந்துருது.

— அது போன வருசம். கிரேன் ஓட்டுற கண்ணு பாய் அவனுக்கு! அம்புட்டு ஒசரத்துலேருந்து தரையில கெடக்குற ஆணி தெரியும்.

— தூரத்துல கெடக்கது தெரியுது ஓய். கிட்ட வாறதுதான் தெரியல.

— சரி, கீப்பரை விடுங்க. டிபென்ஸப் பாருங்க. எங்க பாகிஸ்தான் பட்டான் ரெண்டு பேரும் சேந்து நின்னா லாரியே ரிவர்ஸ் எடுத்துரும்.

— லாரி எடுக்கும். செராமிக் டீமு ஈசா எடுப்பானா? போன பைனல்ல ரெண்டு பட்டானும் மண்டையில மண்டை மோதி விழுந்து கெடக்கானுவ, நடுவுல அந்த மலப்புரத்தான் ஈசா பந்தோட நடந்து போறான். ஓடக்கூட இல்ல ஓய், நடந்து! காயல்பட்டணத்துல நான் பாக்காத டோர்னமெண்டா? சொல்லுதேன், இந்த ராஸ் அல் கைமாவுல அப்படி ஒரு காலு கெடையாது.

— அவன் பேச்சை எடுக்காதீக. மூணு பைனலா என் வயித்தெரிச்சலக் கெளப்புறான். கோலைப் போட்டுட்டு என்னயப் பாத்துக் கண்ணடிக்கிறான் பாய்! இந்த வருசம் அவனுக்குன்னே ஒரு நேபாளியப் பழக்கி வச்சிருக்கேன். ஈசா பாத்ரூம் போனாலும் பின்னாடியே போவான்.

— மாயாண்டி... உமக்குச் சேதி வரலியா?

— என்ன சேதி?

— ஈசாவுக்கு விசா கேன்சலு. அவனோட டீமுல இன்னும் மூணு பேரு. துபாய்ல பில்டிங் வேலையெல்லாம் அப்படியே நின்னுட்டுல்லா, டைல்ஸ யாரு வாங்குவா? பாதி பேக்டரிய மூடிட்டாங்க.

— எப்ப?

— திங்கக்கெழம. ஏர்போர்ட் போற வண்டிய நம்ம கடை முன்னாலதான் நிறுத்துனான். பிள்ளைக்குப் பால்பவுடர் டின்னு வாங்குனான். உம்மளத்தான் கேட்டான் ஓய். இந்த வருசம் சிமெண்டு கேப்டன கண்ணடிச்சுக்கிடச் சொல்லுங்கன்னான்.

— பயபுள்ள... ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா?

— மிச்சம் ஏழு பேருதான் இருக்கானுவ. இன்னைக்கு பைனல் ஆட முடியாதுன்னு காலையில அவங்க டீம் மேனேஜர் செய்கு முகம்மது வந்து சொல்லிட்டுப் போறான். கப்பு உமக்குத்தான் ஓய். சும்மா போயி எடுத்துக்கும்.

— சும்மாவா?

— பின்ன? மூணு வருசமா அதுக்குத்தான அலைஞ்சீரு?

— ஆளில்லாத கிரவுண்டுல எனக்கு நானே கை குடுத்துட்டு கப்பத் தூக்கிட்டு வரச் சொல்றீகளா? தூ! செய்கு முகம்மதுக்குப் போனைப் போடுங்க பாய். சாயங்காலம் மேட்ச் உண்டு. ஆளு நான் தாரேன்.

— யாரு, ஒடஞ்ச சாமானாப் பாத்துத் தள்ளிவிடப் போறீரா?

— பட்டான் ரெண்டு பேரும் அவுங்களுக்கு. நேபாளியும் போகட்டும்.

— யா அல்லாஹ்! உம்மகிட்ட உள்ளதுலயே நல்ல ஆளு அவனுவதான ஓய்?

— இப்ப மட்டும் நல்ல ஆளா? செத்த முன்னாடி மண்டையில மண்டை மோதுச்சுன்னீக!

— வாய்க்கு வந்தத சொன்னேன், விடும். அப்ப உம்ம டீமுக்கு ஆளு?

— எங்க கேம்புல ஆளுக்கா பஞ்சம்? யல்லா, வாங்கடான்னு ஒரு சத்தம் போட்டா லுங்கியோட எறங்கிருவாங்ய.

— அப்படியும் செராமிக்காரனுக்கு ஒரு ஆளு கொறையுதே. முன்னால, ஈசா நின்ன எடம்?

— அங்க நான் நிக்கேன்.

— நீரா? கேப்டனே அந்தப் பக்கம் போயி நின்னா, உம்ம டீமு எப்படி ஓய் ஜெயிக்கும்?

— அட நீங்க ஒண்ணு பாய். நான் ஆடுன டீமு என்னைக்கு ஜெயிச்சிருக்கு?