ஆறு மணி போனுக்குப் போட்ட கோடு

எனக்கு வயது நாற்பத்து நான்கு. பெயரும் முகவரியும் என் புகாரில் உள்ளபடி. பங்குத் தரகு அலுவலகத்தில் விலை வரைபடங்களைப் பார்த்து, வாங்கலாமா விற்கலாமா என்று சொல்வது என் வேலை. வரைபடத்தில் கோடு போடுவதால் அங்கே 'கோட்டுக்காரர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். காணவில்லை என்று நான் புகார் கொடுத்தது என் மனைவியைப் பற்றி.

அவள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போனாள். போன நாள் முதல் தினமும் மாலை ஆறு மணிக்கு அவளே போன் செய்வாள். எத்தனை நிமிடம் பேசினாள் என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து வந்தேன். முதல் நாள் இருபத்திரண்டு. அதன் பிறகு மூன்றுக்கு இறங்கி, பதினொன்றுக்கு ஏறி, மறுபடி மூன்றுக்கு வந்தது. ஒரே ஆழத்தில் இரண்டு பள்ளம் விழுந்தால் டபுள் பாட்டம், இனி ஏறும் என்பது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நடுவில் தொட்ட உயரத்தை, அதாவது பதினொன்றை, தாண்டிய பிறகுதான் நம்பிக் காரியத்தில் இறங்க வேண்டும். நானாகக் கூப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும் என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. ஐந்தரைக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

அதன் பிறகு ஐந்து, ஏழு என்று ஏறியது. கடைசி நாள் பத்தாவது நிமிடத்தில் அவள், "என்னை வந்து கூட்டிட்டுப் போகணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்றாள். பதினொன்று தாண்டட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு போன் வரவில்லை. நான்கு நாள் பொறுத்து மைத்துனன் வீட்டுக்குப் போனேன். அக்கா பெட்டியோடு கிளம்பிவிட்டாள், எங்கே என்று சொல்லவில்லை என்றான். தாளைக் காட்டினேன். "மாமா, உங்களுக்கு மூளை கழண்டு போச்சா? எங்க அக்கா என்ன ஷேரா? இன்னைக்காவது நீங்க கூப்பிடுவீங்கன்னு தினமும் ஆறு மணி வரைக்கும் பாத்துட்டு, அப்புறம்தான் அவ போன் போடுவா" என்றான். அதன் பிறகு புகார் கொடுத்தேன்.

இன்று என்னைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, அவள் வேறு ஊரில் வேலையில் சேர்ந்து நலமாக இருப்பதாகவும், முகவரியைத் தர வேண்டாம் என்று கூறியதாகவும் ஆய்வாளர் தெரிவித்தார். விரும்பிப் போனவள் என்பதால் புகாரை முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். அவளுடைய பழைய எண் அணைந்து கிடக்கிறது. அவள் குரலைக் கேட்காமல் வீட்டில் இருக்க முடியவில்லை. இதெல்லாம் வாக்குமூலத்தில் வராது என்றார் எழுத்தர். "எழுதுங்க சார், அவகிட்டப் படிச்சுக் காட்டுங்க" என்றேன். திரும்பி வரச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை நானே போன் செய்து கூப்பிட அவள் விட வேண்டும்.

எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)