ஓனாவின் இடது ஸ்கேட்

சாணை பிடிக்கிறவளுக்கு வெள்ளைக் கைக்குட்டை உதவாது. நாலு ஜோடி ஸ்கேட் முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினால் கரி கரியாக வரும். எல்லாம் இரும்புத்தூள். அதனால்தான் நீங்கள் நீட்டியதை வாங்கவில்லை, மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அழுவதற்காகக் கொடுத்திருந்தீர்கள் என்றால் அதற்கும் தேவைப்படாது.

இந்த அறைக்கு ஜன்னல் இல்லையே என்று வருத்தப்பட்டீர்கள். எனக்குப் பழக்கம்தான். நம் நாட்டுப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்கு இருபத்திரண்டு வருடம் ஆட்டச் சாமான்களைப் பராமரித்தேன். ஸ்விட்சர்லாந்து, ஸ்வீடன், செக், ஜெர்மனி என்று போகாத தேசமில்லை. பார்த்ததெல்லாம் அரங்கத்துக்கு அடியில் இருக்கும் பின்னறைகள். ஈரக் கையுறை நாற்றம், சாணைக்கல்லில் பறக்கும் பொறி, தலைக்கு மேலே ஜனங்கள் கால் உதைக்கும் சத்தம். கோல் விழுந்தால் கூரை அதிரும், யார் போட்டது என்று யாராவது இறங்கி வந்து சொன்னால்தான் தெரியும். பெண்கள் என்னை அம்மா என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். "அம்மா, என் லேஸ் அறுந்துபோச்சு", "அம்மா, இன்னொரு டேப்பு எடு". ஓனா மட்டும்தான் மிர்யா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

மேசையில் ஒரு நாணயம் வைத்திருக்கிறீர்கள். யாரோ விவரம் தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரியான முறைதான். ஸ்கேட்டின் இரும்பில் நடுவே வாய்க்கால் போல ஒரு பள்ளம் ஓடும், அதன் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. கவிழ்த்துப் பிடித்து இரண்டு விளிம்பின் மேலும் நாணயத்தைப் படுக்க வைத்தால் மட்டமாக நிற்க வேண்டும். சாய்ந்தால் ஒரு விளிம்பு தாழ்ந்திருக்கிறது. தாழ்ந்த விளிம்பு ஐஸைக் கவ்வாது. ஆடுகிற பெண்கள் நாணயமெல்லாம் தேடுவதில்லை. கட்டைவிரல் நகத்தை விளிம்பில் குறுக்கே இழுப்பார்கள், கூராக இருந்தால் நகம் மெல்லச் சீவிக்கொண்டு வரும். எங்கள் அணியில் இருபத்துமூன்று பேர். இருபத்திரண்டு பேர் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் இழுத்துப் பார்ப்பார்கள். அவரவர் எலும்பு அவரவருக்கு. எனக்கு அதில் கோபமில்லை.

ஓனா பார்க்க மாட்டாள். பதினைந்து வயதில் வந்து சேர்ந்தாள். நான் முதன்முதலில் சாணை பிடித்துக் கொடுத்த அன்று மூன்று கோல் போட்டாள். அன்றிலிருந்து ஆட்ட நாளில் தான் இரும்பைத் தொட்டால் ராசி போய்விடும் என்று பிடித்துக்கொண்டாள். இவர்களில் ஆளுக்கொரு ராசி உண்டு. எங்கள் கோல்கீப்பர் ரோன்யா, தோற்றால்கூடக் காலுறையைத் துவைக்க மாட்டாள். ஓனாவுக்கு நான்தான் துணியில் சுற்றி, இடதை முதலிலும் வலதை அடுத்தும் அவள் இருக்கைக்குக் கீழே வைக்க வேண்டும். அவள் யாருடனோ பேசிக்கொண்டே காலை நுழைப்பாள். இப்படிப் பன்னிரண்டு வருடம். என்னை வேறு யார் அப்படி நம்பியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். என் கணவர் உயிரோடு இருந்தவரை நான் பூட்டிய கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

போன சீசனில் ஏப்ரல் உலகக் கோப்பைக்கு முன்னால் நாலு போட்டித்தொடர்கள் இருந்தன. செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்து. ஓனா இரண்டு பன் வாங்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மிர்யா, உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன். கோச்சுக்குக்கூட இன்னும் தெரியாது."

"என்ன, கல்யாணமா?"

"அட போ. கனடாவுல ஒரு டீம்ல எடுத்திருக்காங்க. அடுத்த செப்டம்பர்லேர்ந்து மூணு வருஷம்."

"நல்லது. அங்க யாரு சாணை பிடிப்பா?"

"மெஷினாம்! உள்ள வச்சு பட்டனத் தட்டினா அதுவே பண்ணிடுமாம். இங்க ஆட வரும்போதும் அங்கேயே தீட்டிட்டு வந்துடுவேன். உனக்கு ஒரு வேலை மிச்சம்."

அவள் என் வேலையைக் குறைப்பதாகத்தான் நினைத்தாள். எனக்கு வலித்தது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பன் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

நவம்பரில் ஸ்வீடன். கப்பலில் ஒரு பகல், பஸ்ஸில் ஒரு பகல். பஸ்ஸில் எல்லாருக்கும் வெறுத்துப்போயிருந்தது.

"பஸ்ஸு, ஐஸு, ஹோட்டலு, மறுபடி பஸ்ஸு. ஜெயில்லகூட பாக்க ஆளு வரும்டி" என்றாள் ரோன்யா.

"எனக்கு ஒரு கால் ஒடிஞ்சாத்தான் விடுதலை. ஆறு வாரம் படுத்துத் தூங்குவேன். ஒருத்தரும் எழுப்ப மாட்டாங்க" என்றாள் ஓனா.

"எந்தக் கால் வேணும்னு சொல்லு, அம்மாகிட்ட சொல்லி ஏற்பாடு பண்ணிடலாம்."

"இடது. வலது காலு எனக்கு ராசி."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் கேட்டதை நான் கேட்டுக்கொண்டேன். மற்றவர்கள் அதை வெறும் பேச்சென்று விட்டுவிட்டார்கள். அவள் எவ்வளவு களைத்திருந்தாள் என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மறுநாள் அவளுடைய இடது ஸ்கேட்டின் ஒரு விளிம்பை மயிரிழை தாழ்த்தினேன். கால் ஒடிவதற்காக அல்ல, ஒடியும் அளவுக்கு அது இல்லை. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் இரண்டு முறை வழுக்கினாள். நேரே என்னிடம் ஓடி வந்தாள்.

"கால் நிக்க மாட்டேங்குது மிர்யா. எனக்கு என்னமோ ஆகுது."

எதற்கும் ஒரு தடவை தீட்டித் தருகிறேன் என்று வாங்கி இரண்டே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தேன். அன்று ஒரு கோல் போட்டாள். இறங்கி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லாம நான் என்னதான் பண்ணப்போறேனோ" என்றாள். அவளே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

டிசம்பரில் நம் ஊரிலேயே நடந்த தொடரில் மூன்று முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் பிறகு அவளுக்குத் தெரியாமல் நானே சரிசெய்தேன். அவள் தன் இரும்பைச் சந்தேகப்படவில்லை, முழங்காலைச் சந்தேகப்பட்டாள். முழங்காலில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் தன் மனதைச் சந்தேகப்பட்டாள். தூக்கம் போயிற்று. கிறிஸ்துமஸ் முடிந்து போன் செய்து, "கனடா வேணாம்னு எழுதிடலாமா மிர்யா? இந்தக் காலை வச்சுக்கிட்டு அங்க போய் அசிங்கப்படணுமா?" என்று கேட்டாள். அவசரப்படாதே, நான் இருக்கிறேன் என்று ஆறுதல் சொன்னேன். அந்த ஜனவரி எனக்கு மிகவும் நிம்மதியான மாதம்.

அத்தோடு விட்டிருப்பேன். என்னை நீங்கள் நம்பலாம்.

பிப்ரவரியில் செக் நாட்டில் தொடர். போய் இறங்கியதுமே எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் ஹோட்டல் அறையை விட்டு வரமுடியவில்லை. ஸ்வீடன் அணியின் சாமான்காரர் உதவியாக எங்கள் ஸ்கேட்டுகளையும் தீட்டிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர், சுமாரான கை. அந்த இரண்டு நாளும் ஓனா ஒரு தடவைகூட வழுக்கவில்லை. இரண்டாவது நாள் மாலை எனக்குச் சூப் கொண்டுவந்தவள் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பேசினாள்.

"கால் சரியாயிடுச்சு மிர்யா! பறக்குது. எல்லாம் மனசுதான்னு இப்போ புரியுது. நேத்தே கனடாவுக்கு எழுதிப்போட்டுட்டேன், வரேன்னு."

"அப்படியா."

"உன் கை இல்லாமயும் முடியுது பாரேன்" என்று கண்ணடித்தாள்.

விளையாட்டாகச் சொன்னாள். எனக்குத் தெரியும்.

மறுநாள் ஞாயிறு, கடைசி ஆட்டம். காய்ச்சல் விட்டிருந்தது, எழுந்து போனேன். இடது ஸ்கேட்டின் உள்விளிம்பை மயிரிழையைவிட அதிகமாகவே தாழ்த்தினேன். கூராகவும் விடவில்லை, கல்லால் மழுக்கினேன். பஸ்ஸில் அவள் கேட்ட ஆறு வார ஓய்வு, கேட்ட அதே கால். குணமாகும்போது கோடை வந்துவிடும், கனடாக்காரர்கள் ஒடிந்த காலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். இதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாளைக்குப் பத்திரிகையில் வேலியே பயிரை மேய்ந்தது என்று எழுதுவார்கள். பயிர் வேலியைத் தாண்டிப் போகப் பார்த்ததை எவரும் எழுதப்போவதில்லை.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். துணியில் சுற்றி இடதை முதலில் வைத்தேன். ஓனா அன்று பேசிக்கொண்டே காலை நுழைக்கவில்லை. குனிந்து துணியைப் பிரித்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் இழுத்தாள். வெளிவிளிம்பில் நகம் சீவிக்கொண்டு வந்தது. உள்விளிம்பில் ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மிர்யா, இது சரியாத்தான் இருக்கா?"

"சரியா இருக்கு."

"நீ சொன்னா சரி" என்று போட்டுக்கொண்டு லேஸைக் கட்டினாள்.

அவள் கையே பார்த்துவிட்டது. தெரிந்துதான் போட்டுக்கொண்டாள். சம்மதம் என்பதற்கு உங்கள் சட்டத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் நடந்தது. நான் கீழே இருந்தேன். பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தவள் வேகமாகத் திரும்பியிருக்கிறாள், இடது கால் கவ்வவில்லை, தலைகுப்புறப் பக்கச் சுவரில் போய் மோதியிருக்கிறாள். பக்கத்தில் எதிரணி ஆள் ஒருத்திகூட இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே சத்தம் நின்றுபோனதுதான். அத்தனை வருடத்தில் அந்தக் கூரை அப்படி அடங்கி நான் கேட்டதில்லை. ரோன்யா முழு உடுப்போடு படியில் தடதடவென்று இறங்கி வந்து, "அம்மா, ஓனா கண்ணை முழிச்சிருக்கா, ஆனா கை காலு அசையலம்மா" என்றாள். கேலியில்லாமல் அவள் என்னை அம்மா என்றது அந்த ஒரு தடவைதான்.

கால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கழுத்து என் வேலையில் சேராது.

ஆஸ்பத்திரியில் ஆறு மாதம். அவளுக்கு அம்மா இல்லை, அப்பா வடக்கே தனியாக இருக்கிற வயதானவர். நான் வேலையை விட்டேன். சக்கர நாற்காலி நுழைய என் வீட்டு வாசலை இடித்து அகலப்படுத்தி ஆகஸ்டில் அவளைக் கூட்டிவந்துவிட்டேன். "மிர்யா மாதிரி ஒருத்தி யாருக்குக் கிடைப்பா" என்று அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் சால்மன் சூப், ஆறு மணிக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவேன். வாரத்துக்கு மூன்று நாள் சுவி என்கிற நர்ஸ் வந்துபோவாள். ஓனாவுக்கு வலது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் திரும்ப வந்திருந்தது. நாள் முழுக்க நாற்காலிப் பலகையின் விளிம்பில் அந்த நகத்தை இழுத்துக்கொண்டே இருப்பாள். உடற்பயிற்சிக்கு நல்லது என்று நானும் விட்டுவிட்டேன்.

அக்டோபரில் ஒரு நாள் கேட்டாள்.

"மிர்யா, என் ஸ்கேட்டு எங்க?"

"அலமாரியில இருக்கு."

"இடது ஸ்கேட்ட எடுத்துட்டு வா."

அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. அன்று ஆஸ்பத்திரியில் அறுத்துக் கழற்றிக் கொடுத்த ஸ்கேட் அப்படியே துணிக்குள் இருந்தது. இரண்டு நிமிடம் கல்லில் பிடித்திருந்தால் விளிம்பு மட்டமாகியிருக்கும், நீங்களும் இன்று நாணயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். அவள் கடைசியாகப் போட்டதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. கவிழ்த்து அவள் விரலுக்கடியில் பிடித்தேன். வெளிவிளிம்பில் இழுத்தாள். உள்விளிம்பில் இழுத்தாள். வெகுநேரம் பிடித்தது, அந்த விரலுக்கு அவ்வளவு பலமில்லை.

"மூடி வச்சுடு" என்றாள்.

அதன் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்வாள். சிலருக்கிடையே பேச்சு தேவைப்படாமல் போய்விடும், நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் சுவி வழக்கத்தைவிட அதிக நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். அதற்கு மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில், ஆம். தெரிந்தே செய்தேன். நவம்பரில் ஒன்று, டிசம்பரில் மூன்று, பிப்ரவரியில் ஒன்று. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஓனாவை வேறிடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னீர்கள். முகவரி கேட்டால் தரமாட்டீர்கள், புரிகிறது. ஒன்று மட்டும் அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவளை எதில் உட்கார வைத்தாலும் முதலில் அவர்கள் அதைக் குனிந்து நன்றாகப் பார்த்துவிட வேண்டும். அவளுக்குச் சோதித்துப் பார்க்கும் பழக்கமே கிடையாது.