சரணியாவின் பெயரில் நான் பேசிய ஆறு நிமிடங்கள்

பெயர்: ஸ்ரீஸ்கந்தராஜா அபிர்னா. வயது: 25. பிறந்த இடம்: ஜெனீவா. குடியுரிமை: சுவிஸ். தொழில்: பொது நூலக உதவியாளர். முகவரி: மெய்ரின், ஜெனீவா, தாயார் கஜலக்சுமியுடனும் தமையன் நிருசனுடனும் ஒரே வீட்டில் வசிக்கிறேன்.

2026 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை, காலை 9.10 மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் இந்த வாக்குமூலம் ஆரம்பிக்கிறது. நான் அழைக்கப்பட்டு வரவில்லை, நானாகவே வந்தேன். நான் சொல்வது எனக்கு எதிராகப் பயன்படலாம் என்றும், பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்றும் விசாரணை அதிகாரி அறிவித்தார். எனக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ஆனாலும் வீட்டில் நடந்த பேச்சுகள் தமிழில் நடந்தவை என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் திரு. சண்முகநாதன் தமிழில் எழுதி, அதிகாரிக்குப் பிரெஞ்சில் சொல்கிறார்.

எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களைத் திறப்பதும் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் ஒன்பது வயதிலிருந்து என் வேலை. அலுவலகங்கள் சம்பந்தப்பட்டவருடன் மட்டுமே பேசும் என்பதால், அம்மாவுக்கு வரும் அழைப்பில் நான் அம்மாவாகவே பேசுவேன். அவருடைய பிறந்த திகதியும் காப்புறுதி இலக்கமும் எனக்கு மனப்பாடம். அப்பா இறந்ததை ஓய்வூதிய அலுவலகத்துக்கு அறிவித்தபோது எனக்கு வயது பதினாறு. அன்று நான் அவருடைய மனைவியாகப் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் என் கணவரின் இழப்புக்காக அனுதாபம் தெரிவித்தார். நான் நன்றி சொன்னேன். இதை எங்கள் வீட்டில் யாரும் குற்றமாக நினைத்ததில்லை. எனக்குத் தெரிந்த மற்றத் தமிழ் வீடுகளிலும் பிள்ளைகள் இப்படித்தான் செய்கிறார்கள்.

2022 ஓகஸ்ட் மாதம் என் தமையன் யாழ்ப்பாணத்தில் சரணியாவைத் திருமணம் செய்தார். ஒக்டோபர் மாதம் சரணியா இங்கு வந்து எங்களுடன் வசிக்கத் தொடங்கினார். அவருக்குக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டிய பி விசா கிடைத்தது. அதன் பின்னர், 2023 ஜனவரியில், கன்டோனின், அதாவது ஜெனீவா மாநிலத்தின், குடிவரவு அலுவலகத்து ஒருங்கிணைப்புப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. புதிதாக வந்தவர் என்பதால் சரணியாவுக்கு வாரத்தில் நான்கு காலைகள் இலவசப் பிரெஞ்சு வகுப்பு உண்டு என்றும், மொழி தெரிந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு என்றும், அவருடைய நிலையை அறியத் தொலைபேசியில் அழைப்பார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. அதே வாரத்தில் தமையன் அவருக்கு ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை எடுத்திருந்தார். வேலை நேரம் காலை ஆறு முதல் பத்து வரை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அதைப் பற்றி அன்று சாப்பாட்டு மேசையில் பேசினோம். தமையன் என்னிடம், "நீ கதைச்சு விடு. அவளுக்குப் பிரெஞ்சு வரும் எண்டு சொல்லு, விட்டிடுவினம்" என்றார். அம்மா, "இருவத்தெட்டு வருசமா நான் நன்றி சொல்லுற ஒரு மெர்சியோடை சமாளிக்கேல்லையோ? இவள் கெட்டிக்காரி, வேலை இடத்திலையே பிடிச்சிடுவாள்" என்றார். சரணியா அப்போது அடுப்படியில் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பின்னர் 2023 பெப்ரவரி 9, வியாழக்கிழமை, பிற்பகல் அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு பெண் உத்தியோகத்தர். மேடம் சரணியா நீங்களா என்று கேட்டார். ஆம் என்றேன். பிரெஞ்சை எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வகுப்பில் என்றேன். வைத்தியரிடம் தனியாகப் போகமுடியுமா என்று கேட்டதற்கு, முடியும் என்றேன். அதிகம் சரளமாகப் பேசினால் சந்தேகம் வரும் என்று இரண்டு இடங்களில் வேண்டுமென்றே பிழை விட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் என்னைப் பாராட்டி, வகுப்பு தேவையில்லை என்று பதிந்துகொள்வதாகச் சொன்னார். அழைப்பு ஆறு நிமிடம் நீடித்தது. சரணியா இரண்டடி தள்ளி நின்று கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியை வைத்தபின், "என்னவாம் மச்சாள்?" என்று கேட்டார். விலாசம் சரியா என்று விசாரித்தார்கள் என்றேன்.

அதன் பின்னர் அவருக்கு நானே படிப்பிப்பது என்று முடிவு செய்து ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தோம். அவர் சீக்கிரம் பிடித்துக்கொள்பவர், பகிடிக்காரி. "உங்கடை ஆக்களுக்கு மூக்காலை கதைக்காட்டிச் சோறு இறங்காதோ?" என்று கேட்பார். பதினொரு ஞாயிறு படிப்பித்தேன். பின்னர் எனக்குப் பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்தபின் வாசிக்க வேண்டிய புத்தகங்கள் இருந்தன. பன்னிரண்டாவது ஞாயிறு எப்போது என்று அவர் இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை.

2025 நவம்பரில் என் தமையன் வேறொருவருடன் வாழப்போவதாகச் சொல்லிப் பிரிவுக்கு விண்ணப்பித்தார். சரணியா வெர்னியேயில் ஓர் அறைக்குப் போனார். கணவரைப் பிரிந்த மனைவி, மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும், இங்கு ஒருங்கிணைந்திருப்பதைக் காட்டினால்தான் விசாவைப் புதுப்பிக்கலாம். 2026 ஜனவரியில் குடிவரவு அலுவலகத்தில் அவரை நேரில் அழைத்தார்கள். தரை ஈரம், கவனமாக நடந்துபோங்கள், குளிருகிறதா, இதோ முடிந்துவிட்டது. இவைதான் அவர் பிரெஞ்சில் சொன்னவை. முதியோர் இல்லத்தில் கேட்டும் சொல்லியும் பழகியவை. உத்தியோகத்தர் கோப்பிலிருந்த 2023ஆம் ஆண்டுத் தொலைபேசிக் குறிப்பை வாசித்துக் காட்டினார். பெப்ரவரி கடைசியில் முடிவு வந்தது. மொழி அறிவைப் பற்றிப் பொய் சொல்லி வகுப்பைத் தவிர்த்தவர் என்றும், ஏப்ரல் 30க்கு முன் சுவிஸை விட்டு வெளியேற வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஊரில் அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. திருமணத்துக்கு முன் இருந்த வீட்டில் இப்போது தம்பியின் குடும்பம் இருக்கிறது. "போனால் ஒரு பாயும் ஒரு மூலையும் தருவான். அதுவும் மனுசி விட்டால்" என்று முன்பு ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தார்.

அதன் பின்னர், மார்ச் 10ஆம் திகதி காலை பத்து மணிக்கு, முதியோர் இல்லத்தின் பின்வாசலில் அவரைச் சந்தித்து, தொலைபேசியில் பேசியது நான் என்றும், பொலிசில் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். பின்னர், "நீங்கள் என்ரை பேரைச் சொல்லிக் கதைச்சது எனக்கு அண்டைக்கே தெரியும் மச்சாள். என்ரை பேர் எனக்குக் கேக்காதோ? வீட்டிலை எல்லாருக்கும் அப்படித்தானே கதைக்கிறனீங்கள். வேண்டாம் எண்டு சொன்னனீங்கள் எண்டதுதான் தெரியாது" என்றார். அவர் பஸ் வருகிறது என்று போனார்.

அதன் பின்னர் இலவசச் சட்ட ஆலோசனையில் ஒரு வழக்கறிஞரைக் கண்டேன். பேசியது வேறொருவர் என்று நிரூபித்தால் பொய் சொன்னார் என்ற காரணம் விழும் என்றும், ஆனால் அந்த ஆள்மாறாட்டம் சரணியாவுக்குத் தெரிந்திருந்தால் அதுவே புதிய காரணமாகும் என்றும், எல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சில நாள் யோசித்தேன். பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிப் பழகியும் பார்த்தேன்.

இன்று காலை 10.25 மணிக்கு அதிகாரி கேட்ட கேள்வி: உங்கள் தமையனின் மனைவி, நீங்கள் அவருடைய பெயரில் பேசுவதை அந்த நேரத்தில் அறிந்திருந்தாரா? நான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் தரப்பட்டது. மூன்று வருடமாக அவரைப் பற்றி நான் சொல்லிவைத்தது எல்லாம் பொய். இன்னொன்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆம், அறிந்திருந்தார் என்றேன்.

உடனே, பேசிய விஷயம் அவருக்கு விளங்கவில்லை என்றும், விளங்கும் மொழி அவருக்கு இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்றும் சொன்னேன். முதல் பதில் தனியாகவும் இது மேலதிகக் கூற்றாகவும் பதிவாகின. முதல் பதிலை நீக்க முடியுமா என்று கேட்டேன். நீக்க முடியாது, சேர்க்க மட்டுமே முடியும் என்று அதிகாரி சொன்னார். ஏப்ரல் 30 என்ற திகதி இதனால் மாறுமா என்று கேட்டேன். தமக்கு அதில் அதிகாரம் இல்லை என்றும், பிரதி குடிவரவு அலுவலகத்துக்கு இன்றே போகும் என்றும் சொன்னார்.

அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, அவவுக்குத் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே" என்றார். என்ன சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்க, அவர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். அதையும் எழுதும்படி அதிகாரி சொன்னார். எழுதப்பட்டது.

இதில் உள்ளவை எனக்கு இரண்டு மொழிகளிலும் வாசித்துக் காட்டப்பட்டன. இரண்டிலும் நான் சொன்னதே இருக்கிறது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சேர்ப்பதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை. இவை அனைத்தும் உண்மை என்று அறிந்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திடுகிறேன்.

முடிந்த நேரம்: காலை 11.05

(ஒப்பம்) ஸ்ரீ. அபிர்னா