அகரம் – கன்னிவாடி, கடைசி ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக்குழம்பு சாப்பிட்டால் எனக்குத் தூக்கம் வரும். உன் அப்பாவுக்கு விளையாட்டு வரும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஒன்றரை மணிக்கெல்லாம் ரொனால்டு பகடைப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் நிற்பான்.

ஷைனி, உன் கடிதம் கிடைத்தது. நர்சிங் மூன்றாம் வருடத்துக்கு வந்துவிட்டாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஞானஸ்நானத்தன்று உன்னைக் கையில் ஏந்தி நின்றவன் நான்தான். அப்பா கடைசியாக விளையாடிய ஆட்டத்தின் நோட்டை ஞாபகமாக வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறாய். இத்துடன் அனுப்புகிறேன். இரண்டு கேள்விகளும் கேட்டிருக்கிறாய். நெஞ்சுவலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? சட்டைப் பையிலேயே மாத்திரை இருந்தும் அப்பா ஏன் போட்டுக்கொள்ளவில்லை? இவற்றுக்குப் பதில் எழுதாமல் நாளைக் கடத்தியிருப்பேன். ஆனால் முடிவில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறாய்: “அம்மா சொல்வது போல, அப்பா அன்றைக்கு உங்களுக்காக விட்டுக்கொடுத்திருப்பார் மாமா.” அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நோட்டைப் பார்த்தால் உன் விடுதித் தோழிகள் இது என்ன ஆட்டம் என்று கேட்பார்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 1992-இல் நம் பங்கில் ஒரு வருடம் தங்கியிருந்த அமெரிக்கச் சாமியார், ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஓர் அட்டைப்பெட்டியை விட்டுப் போனார். உள்ளே இரண்டு பகடை, ஓர் அட்டவணை. பேஸ்பால் ஆட்டத்தை மைதானம் இல்லாமல் மேசை மேல் ஆடும் வழி அது. நிஜமான பேஸ்பாலை உன் அப்பாவும் நானும் ஒருநாளும் பார்த்ததில்லை. கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள். பந்தை அடித்தவன் நான்கு மூலையையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு வந்தால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணி ஆட வேண்டும். இப்படி ஒன்பது சுற்று. எந்த எண் விழுந்தால் என்ன என்பது அட்டவணையில் இருக்கும். இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தால் பந்து மைதானத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அடித்தவனும் மூலைகளில் காத்து நிற்பவர்களும் நிதானமாகச் சுற்றி வந்து சேரலாம். அதற்கு உன் அப்பா தேர் என்று பெயர் வைத்தான். நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருகிறதல்லவா. நோட்டிலும் அப்படியே எழுதுவோம்.

சுற்றுவட்டாரத்தில் எட்டு ஊர், எட்டு அணி. நாலு அவனுக்கு, நாலு எனக்கு. வருடம் பூராவும் ஞாயிறுதோறும் ஆட்டம், மே மாதம் இறுதி ஆட்டம். ஜெயித்தவருக்கு ஒரு பித்தளைச் சொம்பு. உங்கள் வீட்டு டி.வி. மேல் இருந்ததே, அதுதான். அதில் வருடத்தைப் போட்டு ஜெயித்தவர் பெயரைப் பாத்திரக்கடையில் வெட்டி வாங்குவோம். 1993 முதல் 2005 வரை பதின்மூன்று பெயர் வெட்டியிருந்தது. பதின்மூன்றும் ரொனால்டு.

நான் கணக்கு வாத்தியார். பகடையில் ஒருவனே பதின்மூன்று முறை ஜெயிப்பது எட்டாயிரத்தில் ஒன்று நடக்கிற காரியம். ஒரு கோடை விடுமுறையில் அந்தப் பகடைகளை ஆயிரம் முறை உருட்டி எழுதிப் பார்த்தேன். நகைக்கடைத் தராசில் வைத்தும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உன் அப்பா சிரித்தான். அவன் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் ஆட்டக்காரர்களுக்கு நான் எண் கொடுத்திருந்தேன்: அகரம் ஒன்று, அகரம் இரண்டு என்று ஒன்பது வரை. உன் அப்பா தன் ஆட்டக்காரர்களுக்குப் பெயர் வைத்தான், தொழில் வைத்தான், பெண் பார்த்துக் கட்டியும் வைத்தான். கன்னிவாடி மாயாண்டியை உனக்கு ஞாபகம் இருக்கும். இடதுகைக்காரன், பூ வியாபாரம், நாய்க்குப் பயப்படுவான். பகடையில் மாயாண்டிக்குக் கால் முறிந்த வாரம் ஆசிரியர் அறையே துக்கம் விசாரித்தது. டீக்கடை ஜெகபர் அலி, “என்ன சார், மாயாண்டி எந்திரிச்சு நடக்கானா?” என்று கேட்டார். கேட்டது என்னிடம். என் அகரம் அந்த வாரம் பதினொரு ஓட்டம் எடுத்து ஜெயித்திருந்தது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

உன் அத்தை ஜெயமேரியும் மாயாண்டி கட்சிதான். நாங்கள் ஆடும்போது அடுப்படியிலிருந்தே, “அண்ணே, மாயாண்டி வந்துட்டானா?” என்று கேட்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது உனக்குத் தெரியும். 2004-இல் மாயாண்டிக்குப் பெண் குழந்தை பிறந்ததாக உன் அப்பா சொன்னான். ஜெயமேரி அன்றைக்குப் பாயசம் வைத்தாள். என் வீட்டு அடுப்பில், இல்லாத ஒருவனுடைய இல்லாத பிள்ளைக்கு. நானும் ஒரு டம்ளர் குடித்தேன். வயிறு எரிந்தது. பொறாமைதான். வேறு பெயர் வைத்து அதை அழகுபடுத்த நான் விரும்பவில்லை.

2006 மே பதினான்கு. ஜெயமேரி அவள் அக்கா மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா என்று பூசை முடிந்ததுமே கிளம்பிப் போயிருந்தாள். உன் அப்பா வழக்கம்போல வந்தான். வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு உட்கார்ந்தான். அகரமும் கன்னிவாடியும் இறுதி ஆட்டம். அமெரிக்கச் சாமியார் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மணியைக் குறித்துக்கொண்டே போவோம். அதனால் உன் முதல் கேள்விக்குப் பதில் நோட்டிலேயே இருக்கிறது. ஐந்தாம் சுற்று முடிந்தது 2.50. அப்போது அகரம் ஐந்து, கன்னிவாடி மூன்று.

“ஏலே பிராங்கி, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குலே,” என்றான்.

“வாயுவா இருக்கும். கோழிய அம்புட்டுத் தின்னா? செத்த நேரத்துல சரியாப் போயிரும்,” என்றேன். உள்ளே போய்ப் பெருங்காயம் போட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் குடித்தான். ஆறாம் சுற்று 3.08.

ஏழாம் சுற்றில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. இடதுகையைப் பிடித்துவிட்டுக்கொண்டான். “சட்டைப் பையில மாத்திரை இருக்கு, எடுத்துக் குடு அப்பு,” என்றான்.

நான் எழுந்து போய்ப் பையில் கையை விட்டேன். மாத்திரை அட்டை விரலில் பட்டது. அங்கே நின்று யோசித்தேன். நாக்குக்கு அடியில் வைத்தும் ஐந்து நிமிடத்தில் வலி போகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, போன மாதம் அவனேதான் என்னிடம் சொல்லியிருந்தான். போனால் ஆட்டம் பாதியில் நின்றுவிடும். பாதியில் நின்ற ஆட்டம் செல்லாது. சொம்பு போன வருடம் ஜெயித்தவரிடமே இருக்கும். எங்கள் ஏழாம் விதி அது. எழுதியவனே நான்தான். 1994-இல் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஒரு சாதாரண ஆட்டத்தின் நடுவில் அவன் எழுந்து ஓடினான். அன்றைக்குத் தோற்றுக்கொண்டிருந்தவன் நான், அதனால் அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது. இப்போது அதுவே எனக்கு எதிராக நின்றது.

“பையில ஒண்ணும் இல்லப்பா. வீட்டுல மறந்துட்டு வந்திருப்ப,” என்றேன்.

உன் இரண்டாம் கேள்விக்கு இதுதான் பதில். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே போடாமல் அசட்டையாக இருந்துவிட்டார் என்று உன் அம்மா மூன்று வருடமாக அவனைத் திட்டி அழுவதாக எழுதியிருக்கிறாய். அவளிடம் சொல்லிவிடு. அவன் கேட்டான்.

“அப்ப நிப்பாட்டிட்டு டாக்டரப் பாத்துட்டு வந்துருவமா?” என்றான்.

“நிப்பாட்டுனா செல்லாது. உனக்கு அது தோதுதான்,” என்றேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “சரிலே, உருட்டு. பதிமூணு வருசமாக் காத்துக் கெடக்க. முடிச்சுட்டே போவோம்,” என்றான்.

இந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால், இதைத்தான் விட்டுக்கொடுத்தது என்பாள் உன் அம்மா. முப்பதாம் நாள் பூசைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, கடைசி ஆட்டத்தில் நான் ஜெயித்ததைச் சொல்லி, சொம்பு என்னிடம் வர வேண்டிய முறையை எடுத்துச் சொன்னேன். உன் அம்மா லிடியா அதை எடுத்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். “கொண்டு போங்கண்ணே. நீங்க ஜெயிக்கணும்னு அவருக்கு ரொம்ப ஆசை. உங்களுக்காக விட்டுக் குடுத்திருப்பாரு,” என்றாள். பக்கத்தில் நின்ற ஜெயமேரியும் ஆமாம் என்று தலையாட்டினாள். உன் அப்பா மண்ணுக்குள் போன பிறகும் என் சொம்பை அவன் தந்த தருமமாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த மூன்று வருடமாக, சொம்பில் வெட்டிய என் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில் விழுகிறது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். போலீசிடம்கூடச் சொல்லுங்கள், இந்த நோட்டில் மணியெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் விட்டுக்கொடுத்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் ஆடித்தான் ஜெயித்தேன்.

ஏழாம் சுற்று 3.27. எட்டாம் சுற்று 3.46. அவன் பேச்சை நிறுத்திவிட்டான். உதடு வெளுத்திருந்தது. ஒன்பதாம் சுற்றில் அகரம் ஓட்டம் எடுக்கவில்லை. அடுத்து கன்னிவாடி அடிக்க வேண்டிய கடைசி முறை. இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் மூலைகளில் நின்றார்கள். அடிக்க வந்தவன் மாயாண்டி. ஐந்துக்கு மூன்று. அவன் அவுட்டானால் சொம்பு எனக்கு. தேர் விழுந்தால் மூன்று பேரும் வந்துசேர்வார்கள், ஆறுக்கு ஐந்து, கன்னிவாடிக்குச் சொம்பு.

உன் அப்பா பகடைகளைக் கையில் எடுத்தான். டம்ளரில் போடவில்லை. பகடையை டம்ளரில் குலுக்கித்தான் கொட்ட வேண்டும், அது இரண்டாம் விதி. அவன் சுவரில் சாய்ந்தான். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கை மேசை மேல் விழுந்து விரிந்தது. பகடைகள் உருண்டு, என் நோட்டில் முட்டி நின்றன.

நான் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. மூச்சு இருந்ததா என்று கேட்பாய். லேசாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆட்டத்தில் ஒரே ஒரு வீச்சு மிச்சம் இருந்தது. பகடைகளைப் பொறுக்கி டம்ளரில் போட்டு, முறைப்படி குலுக்கி, அவனுக்காக நானே கொட்டினேன். மூன்றும் இரண்டும். மாயாண்டி அவுட். மணி 4.05. ஓட்டங்களை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துச் சரி என்று எழுதி, கீழே கோடு போட்டேன். பிறகு சட்டையை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டேன். பிறகுதான் தெருவுக்குப் போய் ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்.

நீ படிக்கிற பிள்ளை, நோட்டைக் கவனமாகப் பார்ப்பாய். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் சுற்றில், மாயாண்டியின் பெயருக்கு நேரே, ஒரு வார்த்தையை எழுதி அடித்து, பக்கத்தில் அவுட் என்று எழுதியிருக்கும். அடித்த வார்த்தை ‘தேர்’. அவன் கையிலிருந்து உருண்டவை ஆறும் ஆறுமாக நின்றன. பதின்மூன்று வருடப் பழக்கம், கை தன்னால் எழுதிவிட்டது. டம்ளரில் போடாத பகடை செல்லாது என்பது உனக்கே தெரியும். அந்த ஓர் இடத்தைத் தவிர நோட்டில் வேறு எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை.