கூச்ச சுபாவமுள்ள ஆறு மீன்கள்

கீரையை அப்படியே தொட்டியில் போடக் கூடாது, ஐயா. ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்தால்தான் தண்டு இளகி, மீன் கடிக்கத் தோதாக இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ஸ்டேஷனில் இருக்கும்வரை அவற்றுக்குக் கீரை போடப்போவது உங்கள் ஆட்கள்தானே.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. என் மைத்துனன் இறந்த அன்று காலை, மீன்கள் ஏன் தொட்டியில் இல்லாமல் குளியலறை டப்பில் இருந்தன? நல்ல கேள்வி. தொழிற்சாலையில் பதினேழு வருடமாகப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். விபத்து விசாரணைக்கு வருகிறவர்களில் இப்படி நேரே விஷயத்துக்கு வருகிறவர்கள் குறைவு. ஆகவே நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

மீன்களின் பெயர் சில்வர் டாலர். உள்ளங்கை அகலம், வட்டமாக, தட்டையாக இருக்கும். பிரானா என்று கூரிய பல் வைத்த மீனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதற்கு இவை தூரத்துச் சொந்தம். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு கிளை இருக்கத்தான் செய்யும். இவை இலை தின்பவை. நான் ஆசையாக வைத்த செடிகளை ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிட்டன. பிளாஸ்டிக் செடி வைத்தேன், அதையும் கடித்துப் பார்த்துத் துப்பின. தனியாக இருக்காது. ஒன்று திரும்பினால் ஆறும் திரும்பும். யாருக்கும் தீங்கு நினைக்காமல், ஒழுங்கு தவறாமல் வாழும் ஜீவன்கள். என்னைப் போல என்று சொன்னால் தற்பெருமையாகிவிடும்.

ஒரே குறை, கூச்ச சுபாவம். ஆறு வருடமாக, நான் கிட்டே போனாலே ஆறும் மரக்கட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கீரையைக் கட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய், கதவிடுக்கு வழியாகத்தான் அவை சாப்பிடுவதைப் பார்ப்பேன். எனக்கு அதில் வருத்தமில்லை. சுபாவத்தை என்ன செய்வது.

இந்த நேரத்தில்தான் என் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். வேலை போய்விட்டது, இன்னொன்று கிடைக்கும்வரை என்று வந்தவன், ஹால் சோபாவில் எட்டு மாதம் இருந்தான். நல்ல பையன். ஈரத் துண்டை நாற்காலியில் போடுவான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு போனில் கதையளப்பான். தொட்டிக்கு மேலே நான் ஐந்து விதிகள் எழுதி ஒட்டியிருந்தேன். ரப்பர் விரிப்பின் மேல் நில், சுவிட்சை அணைக்காமல் கையை விடாதே, இப்படி. அதற்குக் கீழே அவன் ஆறாவதாக, 'மூச்சு விடாதே' என்று பென்சிலால் எழுதினான். என் மனைவி அதை இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் காலை, கடையிலிருந்து உறைந்த புழு ஒரு பொட்டலம் வாங்கிவந்து, இரண்டு விரலில் கொஞ்சம் பிடித்துத் தண்ணீரில் விட்டான். ஆறும் வந்தன. கட்டைக்குப் பின்னாலிருந்து ஒன்றாகக் கிளம்பி வந்து, அவன் விரலிலிருந்தே பறித்துத் தின்றன. இலை தின்னும் மீன்கள், ஐயா. என் மனைவி கைதட்டினாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அத்தான், இதுங்களுக்குக் கூச்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களத்தான் புடிக்கல."

விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. அன்று செவ்வாய்க்கிழமை, மணி ஏழு இருபது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் புழு போடுவது அவன் வேலையாகிவிட்டது. அடுத்த மாதம், தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தது. தொழிற்சாலையாக இருந்தால் அன்றைக்கே சிவப்பு அட்டை மாட்டி, மூன்று பிரதி எழுதி மேலே அனுப்பியிருப்பேன். வீட்டில் எனக்கு மேலே யார் இருக்கிறார்கள். ஹீட்டரை அணைத்து வைத்துவிட்டு, விஷயத்தை என்னோடு வைத்துக்கொண்டேன். மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்சு ஒன்று அந்தச் சுவரில் இருந்தது. அது தேவையில்லாமல் விழுந்து தொல்லை கொடுத்ததால் எடுத்துவிட்டேன். ரப்பர் விரிப்பு அழுக்காக இருந்தது, கழுவிப் பால்கனியில் காயப்போட்டேன். எல்லாம் வீட்டில் யாராவது செய்ய வேண்டிய வேலைகள்தான். மற்ற இருவரும் செய்வதாகத் தெரியவில்லை.

பாதுகாப்பில் முதல் பாடம், ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து உயிர்களை வெளியேற்றுவது. நீங்கள் கேட்ட அந்த நாள் விடிந்ததும் ஆறையும் வலையில் பிடித்து டப்புக்கு மாற்றினேன். காற்றுக் குழாய் போட்டேன், கீரையும் கட்டினேன். மின்சாரம் மீனை ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்வார்கள். சிலர் சொல்வதை நம்பி நான் எந்த ஏற்பாடும் செய்வதில்லை. பிறகு ஹீட்டரைப் போட்டேன். தொட்டி விளக்கைப் போடவில்லை.

மனைவி பால் வாங்கப் போயிருந்தாள். அவன் வெறுங்காலோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, புழுவோடு வந்தான். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, குனிந்து தொட்டிக்குள் தேடினான்.

"என்ன அத்தான், இன்னைக்கு ஒருத்தரையும் காணோம்?"

எட்டு மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் விளக்கம் கேட்கிறான். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

"கூச்சமா இருக்கும். கட்டைக்குப் பின்னால இருக்கும் பாரு. இன்னும் கொஞ்சம் உள்ள விடு."

முழங்கைவரை விட்டான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, நான்காவது நிமிடத்தில் மெயினை இறக்கினேன். அதற்குமுன் யாரும் அவனைத் தொட்டிருக்கக் கூடாது. அதுவும் விதிதான்.

மனைவி வந்து பார்த்து, தம்பியின் முகத்தில் தெளிக்கத் தண்ணீர் எடுக்கக் குளியலறைக்கு ஓடினாள். திரும்பி வரத் தாமதமானது. வந்தபோது கையில் தண்ணீர் இல்லை.

"மீனெல்லாம் ஏங்க டப்புல இருக்கு?"

தொட்டிப் பக்கம் ஆபத்து என்று சொன்னேன்.

"எப்பலேர்ந்து?"

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, ஐயா. பத்து நாளாக என்று சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாக இருப்பாள், சரியாகிவிடும்.

ஆம், நான்தான் கொன்றேன். நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக ஒரே வரியில் சொல்லிவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் வருவதற்கு அரை மணி நேரம் இருந்தது. இலை தின்னும் மீனுக்குப் புழு போடுவதில்லை என்ற என் கொள்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவன் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் புழு எடுத்து, அவன் பிடித்த மாதிரியே இரண்டு விரலில் பிடித்து டப்பில் விட்டேன். டப்பில் கட்டை இல்லை, ஒளிய இடமே இல்லை. ஆறும் ஒன்றாகத் திரும்பி, எதிர் மூலையில் போய் ஒட்டிக்கொண்டன.

புது இடம், பாருங்கள். கூச்சம்தான்.