கைரேகைக்கு முன்னால் ஒரு கேள்வி

பூவிழி: கைய வுடுண்ணா. அப்பா கைய வுடு.

மோகன்: எழுப்பி உக்கார வெக்கிறேன், அவ்ளோதான். கீழ ரோட்ல ஜீப் நிக்குது. பொழுதோட திருப்பத்தூர் போய்ட்டு...

பூவிழி: எதுக்கு?

மோகன்: போன்லயே சொன்னேனே. நம்ம சாமை நெலத்த குத்தகைக்கு வுடறோம். காட்டேஜ் கட்டறவங்க அங்க காத்துனு இருக்காங்க. அப்பா ஒரு கைரேகை வெச்சா போதும். திருப்பிக் கொண்டாந்து வுட்டுடுவேன்.

பூவிழி: அப்பாவக் கேட்டியா?

மோகன்: கேக்கறதா... வாதம் வந்ததுலேருந்து அவரு ஒரு வார்த்த பேசியிருக்காரா?

பூவிழி: பேசறாரு.

மோகன்: இன்னா?

பூவிழி: இந்த லேப்டாப்ல பேசறாரு. இப்படி வந்து பாரு.

மோகன்: இன்னா இது... கலர் கலரா கட்டம். "தண்ணி", "வலிக்குது", "நெலத்துக்கு"... அப்பாவும் பொண்ணும் கேம் ஆடறீங்களா?

பூவிழி: நான் எழுதுன புரோகிராம். "நெலத்துக்கு" அவரா கேட்டு வாங்குன கட்டம். அத அமுக்கினா, நாற்காலியோட தூக்கினு போய் புளியமரத்தடில உக்கார வெப்போம்.

மோகன்: இதெல்லாம் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?

பூவிழி: கொஞ்சம். மீதிய நானா கத்துக்கினேன். திரைல வர்ற ஜன்னல், பட்டன், எழுத்து... இதுங்களுக்கு வேண்டிய ஃபங்ஷன, அதான் குட்டிக் குட்டிப் புரோகிராம எல்லாம் யாரோ எழுதி ஒரு லைப்ரரியா வெச்சிருக்காங்க. நாம கூப்பிட்டுக்க வேண்டியதுதான்.

மோகன்: நம்ம நெல்லிவாசலுக்கு பஸ்ஸே ஒழுங்கா வரல. லைப்ரரி வந்துடுச்சா?

பூவிழி: சிரிச்சுக்கோ. பட்டன் ஒண்ணு வைன்னு எழுதினா திரைல பட்டன் நிக்கும். அத அமுக்கினா இந்தக் குரலப் போடுன்னு எழுதினா பேசும். மொதல்ல சின்னச் சின்னப் பட்டனா வெச்சேன். அவரால மவுச அங்க நகத்த முடியல. எடது கை வெரல் ஒண்ணுதானே அசையுது... அழுதுட்டாரு. அப்புறம் எல்லாத்தையும் மாத்தி எழுதினேன். இப்பப் பாரு, வெளிச்சம் தானா கட்டம் கட்டமா நகருது. வேணுங்கிற கட்டத்துல வந்து நின்னதும் ஒரு அமுக்கு.

மோகன்: வெரல் நடுக்கத்துல பட்டுடும். அதுக்குப் பேரு பேச்சா?

பூவிழி: அதனாலதான் "இதுவா?"ன்னு திரும்பக் கேக்கும். மறுபடி அமுக்கினாதான் குரல் வரும்.

மோகன்: படிச்ச படிப்ப எங்கிட்ட காட்டாத பூவு. ஜீப்காரர் ஆரன் அடிக்கிறாரு. நான் வாக்கு குடுத்துட்டேன். மூத்த புள்ள நான் சொல்றேன்...

பூவிழி: நீ மூத்த புள்ளதான். நெலம் அப்பாவோடது, பட்டால சிங்காரம்னு அவரு பேருதான் இருக்குது. அவரக் கேக்காம இந்த வாசப்படி தாண்டித் தூக்கினு போவ வுட மாட்டேன். வேணும்னா என்ன இடிச்சுத் தள்ளினு போ.

மோகன்: ...கேட்டா வழி வுடுவியா?

பூவிழி: அவரு சரின்னா, நானே ஜீப் வரைக்கும் தாங்கினு வர்றேன்.

மோகன்: சரி. அப்பா... நான் யாருன்னு தெரியுதா?

பூவிழி: இரு. வெளிச்சம் அங்க வரட்டும்.

சிங்காரம்: ஆமா.

மோகன்: இது உன் குரலாச்சே.

பூவிழி: பேசிப் பதிஞ்சது நானு. அமுக்குனது அவரு. மேல கேளு.

மோகன்: அப்பா, கீழ வந்தா நல்ல டாக்டரா பாக்கலாம். இந்த மலைல இருந்து இன்னா பண்ணப் போறீங்க... நெலத்தக் குடுத்துடலாமாப்பா?

பூவிழி: என்னப் பாக்காதீங்கப்பா. உங்க இஷ்டம்.

மோகன்: ஒண்ணும் வரலியே. வெளிச்சம் ஒரு சுத்தே சுத்திடுச்சு...

பூவிழி: யோசிக்கிறாரு. வெரலப் பாரு.

சிங்காரம்: முடியாது.

பூவிழி: கேட்டுக்கினியா?

மோகன்: இன்னொரு தடவ... இன்னொரு தடவ போடச் சொல்லு.

சிங்காரம்: முடியாது.

மோகன்: பூவு... இது என் குரலு.

பூவிழி: உன்னோடதுதான். அப்பாவப் பாக்க எப்ப வர்றன்னு நான் கேக்கறப்பல்லாம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவியே, அதுலேருந்து வெட்டி எடுத்தேன்.

மோகன்: எதுக்கு என் குரல வெச்ச? என்ன அசிங்கப்படுத்தறதுக்கா?

பூவிழி: நான் வெக்கல. என் குரல், உன் குரல் ரெண்டையும் போட்டுக் காட்டினேன். அவரு உன்னோடதத்தான் அமுக்கினாரு. தெனம் உன் குரலக் கேக்கணும்னு ஆச போல.

மோகன்: அப்ப "ஆமா" மட்டும் ஏன் உன் குரல்ல கீது?

பூவிழி: அதையும் உன் குரல்லயேதான் கேட்டாரு. நீ அனுப்புன அத்தன மெசேஜையும் போட்டுக் கேட்டுட்டேண்ணா. ஒண்ணுலயும் அந்த வார்த்த இல்ல.