தூக்கத்தில் வரும் காய்கறி

"எங்க வீட்டுக்காரர் தூக்கத்துல காய் பேரா சொல்றாருக்கா. பீட்ரூட், பீன்ஸ், முட்டைக்கோஸ்னு..."

கார் நிக்கோபார் போகும் கப்பலில் அரைத்தூக்கத்தில் இருந்த நான், இதைக் கேட்டுத்தான் கண் திறந்தேன். விடிந்தும் விடியாத வேளையில் கடல் பாலாய்க் கிடந்தது. முன் பெஞ்சில் இரண்டு பெண்கள். சொன்னவளின் மடியில் போர்ட் பிளேரில் வாங்கிய காய்கறி மூட்டை. அதில் ஈரத்துண்டைச் சுற்றி, குழந்தையைத் தூங்கவைப்பதுபோலத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜஹாஜ், இந்தக் கப்பல், வராட்டி என்னதான் சமைப்பே?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"உருளைக்கிழங்கு, பருப்பு, மறுபடி உருளைக்கிழங்கு. பொண்ணுக்கு ரத்தம் கம்மியாம், டாக்டர் கீரை குடுங்கன்னார். மெயின்லேண்ட்லேருந்து காய், சப்ஜியே வரல, கீரைக்கு எங்க போறதுன்னு கேட்டேன்."

"உங்க குவார்ட்டர்ஸ்ல முருங்கை இல்லையா?"

"இருக்கே. அதுலதான் துணிக்கொடி கட்டியிருக்கோம்."

சொல்லிவிட்டு, தட்டுவதை நிறுத்தினாள்.

"அவர் தூக்கத்துல முருங்கைக்கீரைன்னு ஒரு தடவகூடச் சொன்னதில்லக்கா."

"முதல்ல பொண்ணு தட்டுல வை. அவர் கனவுக்கு அது தானா வரும்."